திரையும் கடற்றிரையும்

தமிழில் 'திரை' என்னும் சொல்லுக்குப் பொருள் பல. கடலில் எழும் அலையும் திரை. படம் காட்டும் வெண்பரப்பும் திரை. இவ்விரு பொருளும் ஓரிடத்தில் கூடுவதுண்டு. கடல்கோளைக் காட்டும் திரைப்படமே அவ்விடம். அத்தகைய படங்களுள் தமிழில் பெருவெற்றி கண்ட ஒன்றையும், நார்வே நாட்டில் பெருவெற்றி கண்ட ஒன்றையும் அருகருகே வைத்து நோக்கி, நம் மனத்தில் தோன்றியவற்றைச் சங்க மலரின் வாயிலாக அன்பர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

நாம் திரைக்கலை வல்லுநர் அல்லோம். மத்திய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடு பொழுதைக் கழித்து, விடுமுறை நாளில் மனைவி மக்களோடு அமர்ந்து படம் பார்க்கும் எழுத்தரே யாவோம். ஒளிப்பதிவின் நுட்பமும் படத்தொகுப்பின் இலக்கணமும் நாம் கற்றவையல்ல. ஆயினும் இப்பொருள்பற்றி எழுத நமக்கு ஒரு தகுதி உண்டு. நாம் ஜங்லிகாட்டில் வாழ்பவர். 2004 டிசம்பர் 26-ஆம் நாளை இங்கிருந்து கண்டவர். இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுள் பலவற்றுக்கும் அத்தகுதி உண்டு.

நம் தீவுகள் தமிழ்த் திரைக்குப் புதியன அல்ல. முக்தா சீனிவாசன் இயக்கிய 'அந்தமான் காதலி' 1978-இல் வந்தது. சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்த அப்படத்தில் நம் கடலும் கரையும் காதலுக்கு எழிலான பின்புலமாயின. 1996-இல் பிரியதர்சன் இயக்கிய 'சிறைச்சாலை' செல்லுலார் சிறையின் கொடுமையைக் காட்டியது. முன்னதில் தீவு ஓர் ஓவியச் சீலை. பின்னதில் தீவு ஒரு வரலாற்றுச் சின்னம். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுப்பவரையும், ஜங்லிகாட் துறையில் மீன்கூடை இறக்குபவரையும் நாம் அவற்றில் காணவில்லை. காணாதது குற்றமென்று கூற வரவில்லை. ஒரு படம் தன் கதைக்கு வேண்டியதைத்தான் காட்டும். ஆனால் நம்மீது விழுந்த அலையையே கதைக்குள் எடுத்துக்கொள்ளும் படத்திடம் நாம் வேறு கணக்குக் கேட்கலாம் அன்றோ?

அந்நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 29 நிமிடத்திற்கு நிலம் நடுங்கத் தொடங்கியது. நம் மூத்த மகள் அப்போது கைக்குழந்தை. அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, நடுக்கம் நின்றதும் தெருவிலேயே அண்டை வீட்டாரோடு நின்று பேசிக்கொண்டிருந்தோம். கடல் வரும் என்று எவரும் எண்ணவில்லை. ஒரு மணி நேரம் கழியுமுன் விரிகுடாவின் நீர் துறையைக் கடந்து தாழ்வான தெருக்களில் ஏறியது. மேட்டை நோக்கி ஓடினோம். போர்ட் பிளேர் நகரம், இன்று ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் இந்நகரம், அன்று சுமார் 1 மீட்டர் தாழ்ந்தது என நிலவியலார் கணித்தனர். சிப்பிகாட்டின் வயல்கள் உவர்நீர் நிலமாயின. எனினும் நாம் பிழைத்தோம். கார் நிக்கோபாரும் கச்சாலும் பட்ட பாடு சொல்லில் அடங்காது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இத்தீவுகளில் இறந்தனர் அல்லது காணாமற்போயினர் என்பது அரசின் கணக்கு.

நிற்க. முதலில் தமிழ்ப் படத்தை நோக்குவோம். 2008 ஜூன் மாதம் வெளிவந்த 'தசாவதாரம்' கமல்ஹாசன் பத்து வேடங்களில் தோன்றி, கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய படம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சைவ மன்னன் ஒருவன் வைணவ நம்பி ஒருவரைப் பெருமாள் சிலையோடு பிணைத்துக் கடலில் ஆழ்த்துவதாகத் தொடங்குகிறது. பின்னர் அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய கொடிய நச்சுக்கிருமிக் குப்பியைத் தேடி ஓடும் கதையாக விரிகிறது. இறுதியில் குப்பி உடையும் நிலை வருகிறது. உப்பு ஒன்றே கிருமியை அழிக்க வல்லது. அந்தக் கணத்தில் 2004-இன் ஆழிப்பேரலை எழுந்து கரையை மூடுகிறது. உப்புநீர் உலகைக் காக்கிறது. முன்னாளில் ஆழ்த்திய சிலையும் கரை சேர்கிறது.

அப்படத்தின் குறுந்தகடு அவ்வாண்டே சென்னைக் கப்பலில் வந்து சேர்ந்தது. நம் குடியிருப்பில் நான்கைந்து குடும்பங்கள் கூடிப் பார்த்தோம். பத்து வேடங்களையும் கண்டு குழந்தைகள் ஆர்ப்பரித்தனர். நாமும் சிரித்தோம், வியந்தோம். எங்கள் அண்டை வீட்டு அண்ணாச்சியும் வந்திருந்தார். அவர்தம் தங்கை கச்சாலில் வாழ்க்கைப்பட்டவர். கணவரோடும் பிள்ளைகளோடும் அன்று காணாமற்போனவர். அலை திரையில் எழுந்தபோது அண்ணாச்சி எழுந்து வெளியே சென்றார். சற்று நேரம் கழித்து நாமும் சென்றோம். இருளில் நின்றிருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தக் குப்பியை அழிக்கவா தம்பி, கடல் வந்துச்சு? அதுக்காகவா என் தங்கச்சி போனா?"

அதற்கு நம்மிடம் விடை இல்லை. ஆனால் அக்கேள்வியே நமக்குத் திறனாய்வின் பாலபாடமாயிற்று.

படத்திற்கு நீதி செய்யவேண்டுமாயின் ஒன்று கூறல் வேண்டும். அதன் ஆசிரியர் இக்கேள்வியை அறியாதவரல்லர். அலை ஓய்ந்தபின் நாயகி இதனைக் கடவுளின் செயலென்று கருத, நாயகன் உடன்படாமல் ஐயத்தோடு நிற்கிறான். ஆனால் வாதத்தில் எழும் ஐயம் கதையின் அமைப்பில் எழவில்லை. கதை, அலையைத் தனக்கு வேண்டிய வேளையில் வரவழைத்து, வேண்டிய பணியைச் செய்வித்துக்கொள்கிறது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்ட பேரலை, ஒரு குப்பியின் கணக்கில் வரவாகிவிடுகிறது.

இவ்விடத்து அன்பர் ஒருவர் மறுக்கலாம்: "கடல்கோளுக்குக் காரணம் கற்பிப்பது தமிழ் மரபுதானே?" என்று. உண்மையே. தலைச்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்பது இறையனார் களவியல் உரை தரும் மரபு. மணிமேகலையோ புகார் நகர் அழிந்தமைக்குக் காரணமே கூறுகிறது. இந்திரவிழா எடுக்க மறந்தமையால் நகரைக் கடல் கொண்டதென்பது அக்காப்பியத்தின் செய்தி. ஆயினும் மன்னன் ஏன் மறந்தான் என்பதைக் கருதுக. மரக்கலம் கவிழ்ந்து தன் மகனைக் கடலில் இழந்தமையால் அன்றோ மறந்தான்! ஓர் இழப்பில் தொடங்கிய துன்பம் பேரிழப்பில் முடிகிறது. சாத்தனார் காரணம் கூறினார், இலாபம் கூறவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்பார். அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. புதியதையும் மிகப் பெரியதையும் கண்டவழிப் பிறப்பது. அழுகை பிறக்கும் களன்களுள் ஒன்று இழவு. உற்றாரை இழத்தல் அதனுள் அடங்கும். பெருவெற்றிப் படங்கள் பெரும்பாலும் மருட்கையின்மேல் எழுப்பப்பட்ட மாளிகைகள். அதில் தவறில்லை. உழைத்துக் களைத்தவன் சற்று வியந்து வீடு திரும்ப விழைவது இயல்பே. ஆனால் இழவு நிகழ்ந்த இடத்தில் மருட்கையை மட்டும் விளைவிப்பது பொருத்தமின்மையாகும். 'தசாவதார'த்திலேயே இதற்குச் சான்று உண்டு. மணற்கொள்ளையை எதிர்த்துப் போராடும் பூவராகன், குழந்தைகளைக் காத்துத் தான் அலைக்கு இரையாகிறான். இறந்த மகனுக்காகக் காத்துச் சித்தம் கலங்கிய கிருஷ்ணவேணிப் பாட்டி, சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட அவன் உடலைத் தன் மகனென்றே தழுவிக் கதறுகிறார். அப்படத்தின் உச்சம் அதுவே என்போம். அங்கே அலைக்குப் பயன் இல்லை. தாய்க்கு இழவு உண்டு. அக்காட்சி சில நிமிடங்களில் முடிந்து, படம் மீண்டும் தன் ஓட்டத்திற்குத் திரும்பிவிடுகிறது.

இனி நார்வேப் படத்திற்கு வருவோம். நார்வே தமிழர்க்கு அயலான பெயரன்று. இலங்கையில் 2002-இல் ஏற்பட்ட போர்நிறுத்த உடன்பாட்டிற்கு இடைநின்று உதவிய நாடு அது. ஈழத்தமிழர் பல்லாயிரவர் குடியேறி வாழும் நாடு. எனினும் அந்நாட்டுப் படம் ஒன்றை நாம் பார்ப்போம் என எண்ணியதில்லை. அன்று கைக்குழந்தையாயிருந்து இன்று கல்லூரிப் படிப்பை முடித்துவிட்ட மகளே, "அப்பா, இது நம்ம ஊர்க் கதை" என்று கூறி நம்மை உட்கார வைத்தாள். மொழி புரியவில்லை; திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்துக்களைப் படித்துக்கொண்டே பார்த்தோம்.

படத்தின் பெயர் 'பொல்கென்'. 'அலை' என்பது பொருள். ரோர் உத்தாவுக் இயக்கி 2015-இல் வெளிவந்தது. ஐம்பது இலட்சத்துக்குச் சற்றே மிகுந்த மக்களைக் கொண்ட நாட்டில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்கு சென்று பார்த்தனர். ஆகவே இதுவும் பெருவெற்றிப் படமே. கலைப்படம் எனத் தனிப்பீடம் தரவேண்டியதில்லை.

அந்நாட்டின் மேற்குக் கரையில் செங்குத்து மலைகளுக்கிடையே கடல் நீண்டு நுழையும். அத்தகைய நீர்க்கால் ஒன்றின் முனையில் அமைந்த சிற்றூர் கெய்ராங்கர். அதன் வழியிலுள்ள ஓகர்னேசெட் மலைச்சரிவில் உண்மையிலேயே பெருவெடிப்பு ஒன்று உண்டு. கருவிகள் இரவும் பகலும் அதனைக் கண்காணிக்கின்றன. மலை சரிந்து நீரில் விழுமாயின் பேரலை எழும். இது கற்பனையன்று. தாஃபியோர்டு என்னுமிடத்தில் 1934 ஏப்ரல் 7-ஆம் நாள் அவ்வாறே மலை சரிந்து 40 பேர் மாண்டனர். படம் அத்தகைய பழைய நிகழ்ச்சிகளை நினைவூட்டியே தொடங்குகிறது.

கதை எளிது. கண்காணிப்பு நிலையத்தில் பணியாற்றும் நிலவியலாளர் கிறிஸ்தியான் வேறு வேலைக்குச் செல்லவிருக்கிறார். அளவுகளில் ஏதோ பிழை காண்கிறார். சுற்றுலாக் காலத்தில் வீண் பீதி வேண்டாமென்று தலைமை அதிகாரி தயங்குகிறார். அலுவலகங்களில் பணியாற்றும் நமக்கு இத்தயக்கம் நன்கு புரியும்! கோப்பு மேலே செல்லுமுன் மலை கீழே வந்துவிடுகிறது. எச்சரிக்கைச் சங்கு ஒலித்தபின் ஊர்மக்களுக்கு எஞ்சுவது பத்தே நிமிடம். அப்பத்து நிமிடமே படத்தின் உயிர்நாடி. மேட்டுச்சாலையில் வண்டிகள் நகரவில்லை. தாய் ஒருத்தி மகனைத் தேடுகிறாள். முதியவர்கள் ஓடமுடியாமல் நிற்கின்றனர். அலையின் உயரத்தைவிட, கைக்கடிகாரத்தின் முள்ளே நம்மை அச்சுறுத்துகிறது. அதைப் பார்க்கையில் நம் கைகள் தாமாக மகளின் கையைப் பற்றின. நமக்கோ 2004-இல் சங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பே அன்றில்லை. ஐதராபாத்தில் முன்னறிவிப்பு மையம் 2007 அக்டோபரில்தான் அமைந்தது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்திரைக்கு அப்பால் மீண்டும் கடல்தரை நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது; நாம் மேடேறிக் காத்திருந்தோம். பேரலை வரவில்லை. வராத அலைக்காக ஓடியதில் எவர்க்கும் வருத்தமில்லை.

இப்படத்திற்கும் குறை உண்டு. நாயகர் குடும்பம் மட்டும் எல்லா இடர்களையும் கடந்து பிழைக்கிறது. உயிரற்றுக் கிடந்தவரே மீண்டும் மூச்சுவிடுகிறார். இது அமெரிக்கப் பெரும்படங்களிடம் கடன்வாங்கிய முடிவு. ஊரார் மடிய நாயகர் குடும்பம் பிழைத்தலை நாம் மகிழ்ந்து பார்க்கிறோம், பிறகு நாணுகிறோம். ஆனால் அந்நாட்டார் அந்நாணத்தைத் தாமே உணர்ந்தனர் போலும். 2018-இல் யோன் ஆந்திரெயாஸ் ஆண்டர்சன் இயக்கிய தொடர்ச்சியான 'நிலநடுக்கம்' படத்தில் அதே கிறிஸ்தியானைக் காண்கின்றோம். உலகம் அவரை வீரரெனப் போற்றுகிறது. அவரோ குடும்பத்தைப் பிரிந்து தனியே வாழ்கிறார். காப்பாற்ற இயலாமற்போனவர்களின் நினைவு அவரை உண்கிறது. அவர் அறைச் சுவரெங்கும் அவ்வழிவின் செய்தித்துணுக்குகளும் படங்களும் தொங்குகின்றன. முதற்படம் மறந்த இழவை இரண்டாம் படம் வட்டியோடு திருப்பிச் செலுத்துகிறது எனலாம்.

அந்தச் சுவரைக் கண்டபோது நமக்கு அலுவலகப் பட்டியல்கள் நினைவுக்கு வந்தன. காணாமற்போனவர் ஏழாண்டுகள் கழிந்தபின்னரே இறந்தவராகக் கொள்ளப்படுவர் என்பது பொதுச்சட்டம். கடல்கோளில் மறைந்தோர்க்கு அந்நெடுங்காலம் காத்திராமல் சான்றிதழ் வழங்கத் தனிவழி வகுக்கப்பட்டது. சான்றிதழ் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் எந்நாளில் தொடங்கி எந்நாளில் முடியும்? இதற்கு விதி எந்தக் கோப்பிலும் இல்லை. அதைக் கூறவேண்டியது கலையின் கடமை.

மறு ஞாயிறு அண்ணாச்சியை அழைத்து நார்வேப் படத்தைக் காட்டினோம். எழுந்து போய்விடுவாரோ என அஞ்சினோம். போகவில்லை, இறுதிவரை அமர்ந்திருந்தார். முடிந்ததும், "அந்த ஊர்க்காரங்க எல்லாரும் கிடைச்சாங்களா?" என்று மட்டும் கேட்டார். படம் அதைச் சொல்லவில்லை என்றோம். "சொல்லியிருக்கலாம்" என்று கூறித் தேநீரைப் பருகிவிட்டுச் சென்றார்.

தமிழ்ப் படத்தைப் பார்த்து அவர் கேட்டது தம் தங்கையைப் பற்றி. நார்வேப் படத்தைப் பார்த்துக் கேட்டது முன்பின் அறியாத ஓர் ஊராரைப் பற்றி. ஒரு படம் தன் துயரத்தால் நம்மைப் பிறர் துயரத்திற்குக் கொண்டு செல்லுமாயின் அது நற்படம். பொருட்செலவும் வேடங்களின் எண்ணிக்கையும் அலையின் உயரமும் அதற்குப் பின்னரே வைத்து எண்ணத்தக்கவை. நார்வேயார் இன்னும் வராத அலைக்குப் படம் எடுத்தனர். வந்துபோன அலை நம்முடையது. அதன் கதையைக் கூறவல்ல தமிழ்ப் பிள்ளைகள் இத்தீவுகளின் பள்ளிகளில் இன்று படித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் என்றேனும் படமெடுக்க முற்படுவாராயின், அலையைத் தீட்டுமுன் அண்ணாச்சியின் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்ந்துவிட்டுத் தொடங்குவாராக.