காசும் கேஷும்: ஒரு சொற்பிறப்பு ஆய்வு

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்னும் சிறு சொல், தமிழ்க் 'காசு' என்பதன் திரிபே என்னும் கூற்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மேடைகளிலும் கட்டுரைகளிலும் மாணவர் விடைத்தாள்களிலும் அஃது ஐயத்திற்கு இடமில்லா முடிபாகவே எடுத்தாளப்படுகின்றது. ஒலியும் ஒத்துப் பொருளும் ஒத்து நிற்றலின், அதனை ஆராய்தல் வேண்டும் என்னும் எண்ணமே பலர்க்கு எழுவதில்லை. எனினும் அக்கூற்றில் ஒரு பாதி மெய். மறு பாதி மெய்யன்று. மெய்யான பாதி யாது, அதன் எல்லை எத்துணைத்து என வரையறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கில அகராதியாளர் 'கேஷ்' என்பதனை ஒரே சொல்லாகக் கொள்வதிலர். ஒரு வடிவில் வந்து பொருந்திய வெவ்வேறு சொற்களாகவே பிரித்து வைப்பர். அவற்றுள் முதலாவது, இன்று யாவரும் அறிந்த ரொக்கப் பணம் என்னும் பொருளது. பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா' என்னும் இலத்தீனச் சொல் இதன் மூலம். அது 'பற்றுதல், கொள்ளுதல்' எனப் பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. இத்தாலியத்தில் 'கஸ்ஸா' எனவும், பிரெஞ்சில் 'கெஸ்' எனவும் திரிந்து பணப்பெட்டியைக் குறித்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் இதனை ஏற்ற காலத்துப் பணப்பெட்டி, கையிருப்புப் பணம் என்னும் இரு பொருளும் ஒருங்கே வழங்கின. 18-ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து, பெட்டியுள் இருந்த பணமே பொருளாக எஞ்சிற்று. நம் இலக்கண மரபில் வைத்துக் கூறின், இடவாகுபெயராகத் தொடங்கிய சொல் பின்னர் அப்பொருளுக்கே உரிய பெயராக நிலைபெற்றது எனலாம்.

இரண்டாவது, கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். இதுவே தமிழ்க் காசு. போர்ச்சுகீசியர் இதனைத் தம் நாவிற்கு ஏற்பக் 'கைஷா' என வழங்க, அவர் வழியே ஆங்கிலத்திற்குச் சென்றது. மூன்றாவது, இன்று வழக்கு வீழ்ந்த ஒரு வினைச்சொல். படையினரைப் பணியினின்று நீக்குதல் என்பது அதன் பொருள். பிரெஞ்சு 'காஸே' என்னும் வினையோடு தொடர்புடையது. அதன் இனமான 'கேஷியர்' என்னும் வினை, அதிகாரியை இழிவுடன் பணிநீக்கம் செய்தல் என்னும் பொருளில் இன்றும் உளது. பணம் காப்போனைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் பெயரோ பெட்டி என்னும் முதற்சொல்லின் வழியது. எழுத்தும் ஒலியும் ஒன்றாயினும் பிறப்பு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இத்தகைய சொற்களின் பொருளைத் தேறுதற்குத் தொல்காப்பியர் ஒரு நெறி வகுத்துள்ளார். பலபொருள் ஒருசொல்லை வினையானும் இனத்தானும் சார்பானும் தெளிக என்பது அவர் கருத்து. மா பூத்தது எனின் மரம். மா ஓடிற்று எனின் விலங்கு. இந்நெறியை ஆங்கிலச் சொல்லிற்கும் பொருத்திக் காண்போம். நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' எண்ணுப்பெயரை ஏற்கும். பத்து கேஷ், இருபது கேஷ் என வரும். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' அவ்வாறு எண்ணப்படுவதில்லை. ஒன்று அளவையின் பெயர். மற்றொன்று தொகுதியின் பெயர். ஆகவே, பிறப்பை அறியாதார்க்கும் இவை இரண்டென்பதை வழக்கே காட்டி நிற்கின்றது.

நாணயப் பெயர் தமிழினது என்பதற்குச் சென்னையின் பழைய நாணய முறையே சான்றாகும். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். எனவே ஒரு வராகனுக்கு 3360 காசு. 1818-இல் ரூபாய் முறை நிலைபெறும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்குகள் இம்முறையிலேயே நடந்தன. சென்னையில் வழங்குதற்கென 1803-இல் இங்கிலாந்தில் அடிக்கப்பெற்ற செப்பு நாணயத்தில், ஆங்கிலத்தில் 'இருபது கேஷ்' என்றும், பாரசீகத்தில் 'இருபது காஸ், நான்கு ஃபுலூஸ்' என்றும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலப் பொறிப்பு மறைத்த மூலவடிவைப் பாரசீகப் பொறிப்பு காட்டிவிடுகின்றது. யூல், பர்னல் ஆகியோர் 1886-இல் வெளியிட்ட ஹாப்ஸன் ஜாப்ஸன் என்னும் அகராதியும் காசு என்னும் தமிழ் வடிவைச் சுட்டுகின்றது. ஆனால் அவ்வறிஞர் தம் விளக்கத்தைக் கீழை நாட்டுச் சிறு நாணயங்கட்கே உரியதாக எழுதினர். அவ்வெல்லையை நீக்கிவிட்டு, அவர்தம் கூற்றை ரொக்கம் என்னும் சொல்லிற்கும் ஏற்றியுரைப்போர் சான்றைப் பாதியளவே படித்தவர் ஆவர்.

போர்ச்சுகீசியர் 1498-லேயே இந்தியாவை அடைந்தனர் ஆதலின், அவர் வழியே காசு ஐரோப்பா சென்று ரொக்கம் என்னும் பொருளைப் பெற்றிருத்தல் கூடாதோ என வினவலாம். கூடாது என்பதே விடை. ஆங்கிலத்தில் அச்சொல் தோன்றிய நாள்தொட்டே பெட்டி என்னும் பொருளும் உடன் வருகின்றது. தமிழ்க் காசு எக்காலத்தும் பெட்டியைக் குறித்ததன்று. ஒலியொப்புமை எத்துணை நெருங்கியதாயினும், பொருள் வரலாறு மாறுபடுமிடத்து உறவு கூறுதல் இயலாது.

அங்ஙனமாயின் இவ்விரு சொற்களும் ஒரு வடிவு எய்தியது எவ்வாறு? விடை போர்ச்சுகீசிய மொழியில் உளது. அம்மொழியில் 'கைஷா' என்பதற்குப் பெட்டி என்பதே பொருள். அதுவும் இலத்தீனக் கப்ஸாவின் வழித்தோன்றலே. தமிழ்க் காசைக் கேட்ட போர்ச்சுகீசியர், தமக்கு முன்பே பழகிய சொல்லின் வடிவில் அதனை அமைத்துக் கொண்டனர். லின்ஸ்கோட்டன் நூலின் 1598-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில், சுந்தா நாட்டில் வழங்கிய, நடுவே துளையுடைய செப்பு நாணயம் இப்போர்ச்சுகீசிய வடிவிலேயே குறிக்கப்படுகின்றது.

இதே கடற்கரையில் வாணிகம் செய்த பிற ஐரோப்பியரை நோக்கின் இவ்வுண்மை மேலும் விளங்கும். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியில் இருந்த டேனியர் தம் நாணயங்களில் 'காஸ்' எனப் பொறித்தனர். பெட்டிக்கு அவர் வழங்கும் சொல் 'கஸ்ஸெ'. பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர் நாணயத்தைக் 'காஷ்' என்றனர், பெட்டியோ 'கெஸ்'. இவ்விரு மொழிகளும் பிரித்துக் காத்த சொற்கள், போர்ச்சுகீசியத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றாயின. ஒன்றாயினமை ஓர் ஒலி நிகழ்ச்சியேயன்றி உறவன்று.

தமிழ்க் காசும் ஒரு பொருளோடு நின்ற சொல்லன்று. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி தன் அலகிற் பற்றிய வேப்பம்பழத்திற்கு, அணிகலன் கோப்போன் நகத்திற் பற்றிய பொற்காசு உவமையாகின்றது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுக்களில் 12 அக்கம் கொண்ட பொன் நாணயமாகக் காசு காணப்படுகின்றது. காசறு என்னும் தொடரில் அது குற்றத்தைக் குறிக்கும். வெண்பாவின் ஈற்றுச் சீர்க்கு வாய்பாடாகவும் வரும். பொன்னாயிருந்த காசு கம்பெனியார் காலத்துச் செம்பின் மிகச்சிறு கூறாயிற்று. வடமொழிக் 'கர்ஷ' என்னும் நிறைப்பெயரோடு இதனைத் தொடர்புறுத்துவாரும், திராவிடச் சொல்லே எனக் கொள்வாரும் உளர். இவ்வினா தீராதிருக்கையில், ஆங்கில ரொக்கத்திற்கும் இதனையே வேராக்க முற்படுதல் முறையன்று.

இனி, தமிழ்க்கு உரிய பங்கு சிறியதோ எனின், அன்று. போர்ச்சுகீசியர் இப்பெயரை மலாய்த் தீவுகளின் நாணயத்திற்கும், சதுரத் துளையுடைய சீனச் செப்பு நாணயத்திற்கும் இட்டனர். ஆங்கிலேயரும் அதனைப் பின்பற்றினர். சீனர் தம் மொழியில் அந்நாணயத்திற்கு வேறு பெயர்களே வழங்கினர். எனினும் ஆங்கிலத்தில் எழுதும் நாணயவியலார் இன்றும் அதனைக் 'கேஷ்' என்றே குறிக்கின்றனர். சீனத்தின் பழைய நாணயமொன்று உலக நூல்களில் தமிழ்ப்பெயர் வழியே அறியப்படுதல் வியக்கத்தக்க செய்தி. ரொக்கத்தின் மேல் உரிமை நாட்ட முயன்ற ஆர்வத்தில், ஐயமற நம்முடையதாகிய இச்செய்தியை நாம் எடுத்துரைக்க மறந்தோம்.

கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர், வெட்டிவேர் ஆகிய சொற்கள் ஆங்கிலம் புக்க வரலாறு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பெற்றது. இவற்றோடு நிறுவப்படாத ஒன்றையும் சேர்த்துரைப்பின், பிற நாட்டறிஞர் அவ்வொன்றை மறுப்பதோடு அமையார், ஏனையவற்றையும் ஐயுறுவர். மாணவரும் ஒலியொப்புமை ஒன்றே போதுமெனக் கருதி மொழிநூற் பயிற்சியைக் கைவிடுவர். ஒரு சொல் மற்றொரு மொழியினின்று வந்தது எனக் கூறுவோர் ஒலி, பொருள், காலம், வழி என்னும் நான்கனையும் காட்டுதல் வேண்டும். காசு என்னும் நாணயப் பெயர்க்கு இந்நான்கும் உள; ரொக்கம் என்னும் சொல்லிற்கு ஒலி ஒன்றே உளது. ஆகவே, ஆங்கிலக் கேஷ் இரண்டனுள் நாணயம் நமது; ரொக்கம் இலத்தீனது என்பதே சான்றுகளால் பெறப்படும் முடிபாகும்.