தோற்காத துப்பறிவாளன்

துப்பறியும் கதைகளைப் பற்றி விமர்சகர்கள் அதிகம் பேசுவதில்லை, வாசகர்கள் பேசுகிறார்கள். ஒரே ஒரு மர்மக் கதையைப் படித்து ஏமாந்தவர் அதை அன்றைக்கே மறந்துவிடுவார். ஒரே துப்பறிவாளனை இருபது முப்பது கதைகளில் தொடர்ந்து வந்தவர் ஏமாந்தால் மறப்பதில்லை. நெருங்கிய சொந்தக்காரர் கெட்டுப்போனதைச் சொல்வதுபோல் மனத்தாங்கலோடு சொல்வார். இந்த மனத்தாங்கலுக்கு இலக்கிய மதிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் நான் சொல்வேன்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், சிறுமலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது வாடிப்பட்டி. அங்கே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், சுஜாதாவின் கணேஷ்-வசந்த் தொடர்கதைகளை வாராவாரம் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஜெயராஜ் வரைந்த படங்களோடு அடுக்கி, பைண்டு செய்து வைத்திருந்தார். அந்த நாளில் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இருந்தது. ஒரு கட்டத்தில் அவர் அதை நிறுத்திவிட்டார். படிப்பதை நிறுத்தவில்லை, பைண்டு செய்வதைத்தான் நிறுத்தினார். ஏன் என்று கேட்டேன். "படிக்கிறதுக்கு என்ன சார், படிச்சுருவேன். திரும்ப எடுத்துப் பாக்கணும்னு தோணல. பைண்டிங் காசு தெண்டம்" என்றார்.

பெரிய விமர்சகர் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. ஒரு தொடர் தளர்ந்துபோவதென்றால் வாசகன் ஓடிப்போகிறான் என்று அர்த்தமில்லை. அவன் பழக்கத்தினால் வந்துகொண்டேதான் இருப்பான். ஆனால் படித்ததைப் பாதுகாத்து வைப்பதில்லை.

இதற்கு வழக்கமாக இரண்டு சமாதானங்கள் சொல்வார்கள். வாசகருக்கு வயதாகிவிட்டது என்பது ஒன்று. எழுத்தாளர் களைத்துவிட்டார் என்பது மற்றொன்று. முதலாவது சரியல்ல. அதே ஆசிரியர் பழைய பைண்டுகளை இன்றும் எடுத்துப் படிக்கிறார். அவை அவருக்குச் சலிக்கவில்லை. இரண்டாவதும் சரியென்று எனக்குத் தோன்றவில்லை. சுஜாதா 2008-இல் காலமாகும்வரை எழுதியவர். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' எழுதிய கையையும், 'என் இனிய இயந்திரா' எழுதிய கையையும், 'கற்றதும் பெற்றதும்' கட்டுரைகளை எழுதிய கையையும் களைத்த கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மற்ற இடங்களில் துடிப்பாக இருந்த கை, இந்த இரண்டு வக்கீல்களிடம் வந்தபோது மட்டும் சில சமயம் சோர்ந்தது ஏன் என்பதே கேள்வி.

தொடக்கத்தைப் பார்ப்போம். கணேஷ் முதலில் தோன்றியது 1968-இல், குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' நாவலில். அதில் அத்தியாயங்களுக்கு அத்தியாயம் என்று பெயரில்லை. சுருக்கு என்று பெயர். கணேஷ் அந்தக் கதைக்கு நாயகன் அல்ல. ஒரு வழக்குக்காக வருகிற வக்கீல். தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறான். நாவலை ஆள்வது குற்றமும், அந்தக் குற்றத்துக்குப் பின்னால் இருக்கிற துக்கமும்தான். இந்த நாவலைப் படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது கணேஷ் அல்ல, கயிறு.

வசந்த் பின்னால் வந்து சேர்ந்தான். அவன் வந்தது நல்லதுதான். பெரியவர் நிதானம், சின்னவர் துடுக்கு என்ற இரட்டைக்கு நம் வாசகர்களிடம் எப்போதும் வரவேற்பு உண்டு. 'நிர்வாண நகரம்' கதையில் சென்னை நகரத்தின்மேல் கோபம் கொண்ட ஓர் இளைஞன் வருகிறான். அவனுடைய கோபம் நமக்குப் புரிகிறது. ஓரளவு நியாயமாகக்கூடத் தோன்றுகிறது. ஆகவே அவனைத் தேடிப் போகிற கணேஷும் வசந்தும் நமக்கு முக்கியமாகிறார்கள். 'கொலையுதிர் கால'த்தில் நடப்பதெல்லாம் விஞ்ஞானத்தின் வேலையா, ஆவியின் வேலையா என்பதில் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம். யார் பக்கம் சாய்வது என்று நாமும் திண்டாடுகிறோம். ஒருவர் தவறாகத்தான் இருக்கவேண்டும். இந்தத் திண்டாட்டம்தான் அந்தக் கதையின் உயிர்.

இனி, ஆசிரியர் பைண்டு செய்யாமல் விட்ட கதைகளுக்கு வருவோம். தம்புச் செட்டித் தெரு அலுவலகத்துக்குள் ஒரு பெண் வருவாள். பெரும்பாலும் அழகாக இருப்பாள். வசந்த் ஏதாவது சொல்வான். கணேஷ் அவனை அடக்குவான். வசந்த் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைத் தொடங்குவான். வழக்கம்போல் அது முடியாது. ஒரு பிரேதம், ஒரு பயணம், கணேஷ் கடைசியில் தரும் விளக்கம். எல்லாம் ஓட்டமாகத்தான் ஓடுகிறது. வாக்கியங்கள் அப்போதும் கூர்மைதான். ஆனால் ஒன்று மட்டும் போய்விட்டது: கணேஷ் தவறிவிடுவானோ என்கிற பயம். அவன் தோற்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும், வசந்துக்குத் தெரியும், நமக்கும் தெரியும். அதற்குப் பிறகு நாம் கொலைகாரனுக்காகக் காத்திருப்பதில்லை, ஜோக்குக்காகக் காத்திருக்கிறோம். அந்த ஜோக் இத்தனை வருஷம் உயிரோடிருப்பதற்குக் காரணம் அதைச் சொல்லவே இல்லை என்பதுதான். கொலைக்கு அந்தச் சலுகை கிடையாது. கொலையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொல்லும்போது அது கனமாக இருக்கவேண்டும்.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதுதான் குறை என்று சிலர் நினைக்கலாம். அப்படியில்லை. மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் வாடிப்பட்டி மேளத்துக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. கூட்டம் எதிர்பார்ப்பது பழகின அடியைத்தான். புதிதாக எதையாவது வாசித்தால் முகத்தைச் சுளிக்கும். ஆனால் நல்ல வாத்தியக்காரர் எதிரே நிற்கிற சாமியாடியைப் பார்த்து வாசிக்கிறார். அன்றைக்கு அந்த ஆளுக்கு அருள் வருமா வராதா என்பது முன்கூட்டி நிச்சயமான விஷயமல்ல. அடி பழசு, நேரம் புதுசு. தொடர்கதாபாத்திரமும் இப்படித்தான். கணேஷின் நிதானமும் வசந்தின் துடுக்கும் பழகின அடிகள், அவற்றில் குற்றமில்லை. எதிரே நிற்கிற குற்றத்தைப் பார்க்காமல் பழக்கத்துக்கு வாசிப்பதுதான் குறை.

இது தமிழுக்கு மட்டும் வந்த வியாதியல்ல. கானன் டாயில் 1893-இல் ஷெர்லக் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்தின் ஓர் அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். வாசகர்கள் விடவில்லை. 1903-இல் ஹோம்ஸ் சாகவில்லை என்று சொல்லித் திரும்பக் கொண்டுவந்து, 1927 வரை எழுதினார். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையைச் சேர்ந்த ஒரு படகுக்காரர் தம்மிடம் சொன்னதாக டாயிலே எழுதியிருக்கிறார்: மலையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் செத்திருக்கமாட்டார்தான், ஆனாலும் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று. படகுக்காரரும் நம் பள்ளி ஆசிரியரும் ஒரே கட்சி. இருவருக்கும் ஹோம்ஸிடமோ கணேஷிடமோ பகை கிடையாது. அன்பு இருப்பதனால்தான் வித்தியாசம் தெரிகிறது.

நம்மிடமே வேறு விதமான உதாரணமும் இருக்கிறது. 1942-இல் ஆனந்த விகடனில் தேவன் தொடங்கிய துப்பறியும் சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா, சுத்த அசடு. அவன் எதைச் செய்தாலும் தப்பாகச் செய்வான். அந்தத் தப்பே துப்பாகி அவனுக்குப் பேர் வாங்கித் தரும். தேவன் சாமர்த்தியசாலி. தன் துப்பறிவாளனுடைய பழக்கத்தையே கதையின் யந்திரமாக ஆக்கிவிட்டார். சாம்புவின் அசட்டுத்தனத்தை எடுத்துவிட்டால் கதை நகராது. சங்கர்லாலின் தேநீரை எடுத்துவிட்டாலோ, தமிழ்வாணன் கதை தடையின்றி நகரும். தேநீர் அங்கே அடையாளம் மட்டுமே. போதாததற்குச் சாம்புவுக்குக் கல்யாணமும் ஆகிறது, வேம்பு வருகிறாள், குடும்பஸ்தனாகிறான். காலம் அவன்மேலும் நடக்கிறது. கணேஷும் வசந்தும் 1968-லிருந்து அடுத்த நூற்றாண்டு வரை வந்தும் தலை நரைக்காதவர்கள்.

இதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே பல பத்திரிகைகளுக்கு எழுதியவர் சுஜாதா. தொடரை அறிவித்த பிறகு வெள்ளிக்கிழமை தப்பாது. கதை தயாரோ இல்லையோ, அத்தியாயம் போயாகவேண்டும். பிறகு 1980-களில் மாத நாவல்கள் வந்தன. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. ராஜேஷ்குமாரின் விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேன்-வைஜயந்தி என்று ஜோடி ஜோடியாகத் துப்பறிந்தார்கள். பக்கம் நிச்சயம், தேதி நிச்சயம், விலை நிச்சயம். இந்த நிலைமையில் எழுத்தாளனுக்குக் கைகொடுப்பது தெரிந்த முகம்தான். புதுப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தப் பத்துப் பக்கம் வேண்டும். விவேக் என்று எழுத ஒரு வார்த்தை போதும். வாசகரும் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் காசை நீட்டினார். ஆகவே பழியை எழுத்தாளர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. அதற்காக வாசகரின் ஏமாற்றத்தை அலட்சியம் செய்வதும் நியாயமல்ல.

சுஜாதாவின் ரசிகர்கள் என்மேல் கோபம் கொள்ளக்கூடும். அவர்களை நான் ஒரு சின்னப் பரீட்சைக்கு அழைக்கிறேன். உங்களிடம் இருக்கிற கணேஷ்-வசந்த் கதைகளை எடுத்து, அந்தப் பெயர்கள் வருகிற இடங்களிலெல்லாம் ராமன், சோமன் என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். 'நைலான் கயிறு' அசையாமல் நிற்கும். 'கொலையுதிர் கால'மும் நிற்கும். ராமனும் சோமனும் அடித்துக்கொண்டாலும் அந்தச் சண்டை சண்டைதான். வேறு சில கதைகளில் பெயரை மாற்றியதுமே பேச்சு வெறும் பேச்சாகவும், கொலை வெறும் தகவலாகவும் போய்விடும். அவை முந்திய கதைகள் சம்பாதித்து வைத்த நேசத்தைச் செலவழித்து நடந்தவை. அப்படிப்பட்ட கதைகளைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டு வகையையும் ஒரே அலமாரியில் வைத்து ஒரே குரலில் புகழாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். அப்படிப் புகழும்போது, நல்லதை எழுதிய சுஜாதாவுக்குத்தான் நாம் குறைவு செய்கிறோம்.