அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

ஆடிப் பதினெட்டை ஒட்டி எங்க செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். போன விழாவில் ஒலிபெருக்கியில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஓடியது. பக்கத்தில் நின்ற பையனிடம், “யாரு பாட்டுடா?” என்றேன். “தீ பாட்டுண்ணே.” “அப்ப அறிவு?” “அவரும் கூடப் பாடுவாருல்ல.”

பையன்மேல் குற்றமில்லை. 2021 மார்ச்சில் வந்த காணொளியின் தலைப்பே அப்படித்தான். முதலில் தீ, ‘உடன்’ அறிவு, கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘தயாரிப்பு: சந்தோஷ் நாராயணன்’.

சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஒலிப்பதிவில் அப்படியல்ல. எந்தக் குரல் எங்கே நுழையணும், எந்தத் தாளம் அடியில் ஓடணும் என்று முடிவெடுத்து, பதிந்து, கோத்துத் தருகிறவர். இது லேசான வேலையில்லை. ‘அட்டகத்தி’யில் (2012) கானா பாலாவின் குரலை ஊரெங்கும் கேட்க வைத்தவர் சந்தோஷ் நாராயணன். இந்தப் பாட்டிலும் சாவு வீட்டு ஒப்பாரி, ஆடவைக்கும் தாளத்தோடு சேர்ந்ததால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதே தாளம்தான், அழுகிறது யாரென்று கேட்காமலே ஆடிவிட்டுப் போகவும் வழிவிட்டது.

அழுகிறது யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிவந்த சனம். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அதில் ஒருத்தி.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்ட பிறகுதான் அறிவுக்கு இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமலே பாட்டு அரங்கேறியது. எழுதி, மெட்டமைத்து, பாடியது நான் என்றார் அறிவு. தயாரிப்பும் இசைக்கோர்ப்பும் என்னுடையது, வருமானம் மூவருக்கும் சமம் என்றார் சந்தோஷ் நாராயணன். 2024இலோ, ஒரு காசுகூட வரவில்லை என்று அவரே சொல்லும் நிலை.

இதைத் தனிமனிதர் சண்டையாகப் பார்த்தால் தப்பித்துக்கொள்வது சட்டம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் யார்? தயாரிப்பாளர்தான், முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். 1994 திருத்தம் வரும்வரை எழுதி வைக்காத மெட்டு அந்தச் சட்டத்துக்கு இசையே இல்லை! நம்ம ஆத்தாக்கள் எந்த ஒப்பாரியை எழுதி வைத்துப் பாடினார்கள்? பாடியவர் தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமைகூட 2012 திருத்தத்தில்தான் வந்தது. வள்ளியம்மாளின் அழுகைக்கு இன்றும் அதில் ஒரு கட்டம் இல்லை.

தயாரிப்பாளர் வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. குரலைக் கோக்கிற கையே பெயரையும் வரிசைப்படுத்துகிறது என்பதை மறக்க வேண்டாம் என்கிறேன். பறையோடும் ஒப்பாரியோடும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகிற தோழர்கள், மெட்டு யாருடையது, பெயர் எந்த இடத்தில், பங்கு எவ்வளவு என்று முதலில் எழுதி வாங்குங்கள். கேட்டால் நன்றி கெட்டவன் என்பார்கள். என்னட்டுமே.

செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. அவனைப் பாடிய வன்பரணர் பெயர் புறநானூற்றில் நிற்கிறது. அந்தப் பாட்டிலேயே விறலி வருகிறாள், முழவு வருகிறது, யாழ் வருகிறது; அவளுக்குப் பெயர் இல்லை. கொடுத்தவனும் எழுதினவனும் மிஞ்சினார்கள். 2024இல் அறிவு தன் இசைத்தொகுப்புக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. விறலிக்கு நேர்ந்தது தன் பாட்டிக்கு நேரக்கூடாது என்று அவர் பெயரைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். அடைப்புக்குறி எதுவும் இல்லாமல்.