மோட்டார் சில்லென்றுதான் இருந்தது

ஓசூர் பேடரப்பள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து, செல்போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு மேடத்திடம் வாரம் ஐம்பது நிமிடம் பேசுகிறேன். காசு கொடுத்து நான் செய்த காரியங்களிலேயே உருப்படியானது எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடமும் சொல்லியாயிற்று, மச்சானிடமும் சொல்லியாயிற்று. இன்னும் சொல்லித் தீரவில்லை.

நான் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து திரும்பும்போது எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அது முதல் முறை வந்தது. 2010-ல் திறந்த பாலம், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, கை மரத்தது, மூச்சு பாதியில் நின்றது. இதோ போகப்போகிறேன் என்றே நினைத்தேன். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள். நார்மல். அடுத்த மாதம் மறுபடி வந்தது, மறுபடி ஈ.சி.ஜி., மறுபடி நார்மல். அதற்குப் பிறகு ஜூஜூவாடி தாண்டி நான் கார் ஓட்டவே இல்லை. மாமனார் வீடு பெங்களூரில். தீபாவளிக்குக்கூட மனைவியும் மகளும் பஸ்ஸில் போனார்கள். நான் ஷிப்டைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

இந்தியாவிலேயே பேர்பெற்ற மனநல மருத்துவமனையான நிமான்ஸ் இருப்பது பெங்களூரின் ஓசூர் ரோட்டில். எங்கள் ஊர் பெயரைச் சுமக்கும் சாலை! ஆனால் அந்தச் சாலையில் போகத்தானே எனக்குப் பயம். போகிறேன் என்று வாயைத் திறந்தாலும், 'நிமான்ஸ் கேஸா?' என்று கேட்கும் நாக்குகளுக்குப் பஞ்சமில்லை.

ஒரு நைட் ஷிப்டில், மூன்று மணி டீ இடைவேளையில், கேன்டீனுக்குப் பின்னால் நின்று 14416-ஐ அழுத்தினேன். டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். தமிழில் ஒரு பெண் பேசினார். அந்த நேரத்தில் அந்தக் குரலுக்குக் கோயில் கட்டலாம் போலிருந்தது. முழுசாகக் கேட்டுவிட்டு, பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் தொடர்ந்து பேசச் சொன்னார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நண்பர் ஒருவர் சேர்த்துச் சொன்னார். அப்படித் தேடிக் கிடைத்தவர்தான் எங்கள் மேடம். இருபத்திரண்டு வருட அனுபவம்.

அனுபவம் என்றால் என்ன என்பதை அந்த முதல் ஐம்பது நிமிடத்தில் பார்த்தேன். அறிவுரை ஒன்றுகூட இல்லை. கேள்விதான். என் தமிழில் தெலுங்கும் கன்னடமும் எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பார் போல, திடீரென்று கேட்டார்: "உங்களை நீங்களே திட்டிக்கும்போது எந்த மொழியில திட்டிப்பீங்க?"

நாற்பத்தோரு வயதில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. தெலுங்கில்தான். 'சேதகானிவாடு', கையாலாகாதவன். அதுவும் என் குரலில் இல்லை, அப்பா குரலில். இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன் அழுதுவிட்டேன். அவர் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எவ்வளவு பெரிய உபகாரம் தெரியுமா!

மூன்றாவது செஷனில் என் வேலையைப் பற்றிக் கேட்டார். மோட்டாரில் டெம்பரேச்சர் சென்சார் இருக்கும், சூடானால் ட்ரிப் ஆகும் என்று விளக்கினேன்.

"சூடாகாமலே ட்ரிப் ஆனா?"

"கைய வச்சுப் பார்ப்போம் மேடம். வேற மீட்டர் போட்டும் பார்ப்போம். மோட்டார் சில்லுன்னு இருந்தா சென்சார்லதான் கோளாறு."

"அப்ப மோட்டாரைப் பிரிப்பீங்களா?"

"எதுக்கு மேடம்? சென்சாரைத்தான் சரி பண்ணணும்."

"இதுவரைக்கும் எத்தனை ஈ.சி.ஜி. எடுத்தீங்க?"

ஐந்து. சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஐந்து தடவை மோட்டாரைப் பிரித்திருக்கிறேன்! பீதி வரும்போது உடம்பு ஆபத்து மணியைத் தப்பாக அடிக்கிறது, நாம் ஓடினால் அந்த மணிதான் சரி என்று மூளை கற்றுக்கொள்கிறது, ஓடாமல் நின்றால் தானாக இறங்கும் என்று அதன் பிறகு அவர் விளக்கினார். இந்த விளக்கம் புத்தகத்திலும் இருக்கும். என் மோட்டாரை வைத்து எனக்குச் சொல்ல இவரால்தான் முடிந்தது.

பிறகு ஒரு ஏணி போட்டோம். ஜூஜூவாடி, அத்திப்பள்ளி டோல்கேட், சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, கடைசியில் மேம்பாலம். இந்த ரோட்டில் அவர் வந்ததே இல்லையாம். என்னையே வரையச் சொல்லி, ஒவ்வொரு இடத்துக்கும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆன்லைன் செஷனைக் குறைத்துப் பேசுகிறவர்களுக்கு அத்திப்பள்ளியைத்தான் சொல்வேன். டோல்கேட்டுக்கு முன்னால் சர்வீஸ் ரோட்டில் காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டுக் கூப்பிட்டேன். லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன. உள்ளங்கை நனைந்துவிட்டது. "எத்தனை?" என்றார். எட்டு. "சரி, இருக்கட்டும். நானும் இருக்கேன்." வேறு பேச்சில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி, "இப்ப?" ஏழு. பிறகு ஆறு. பதினேழாவது நிமிடம் மூன்று. வண்டியைத் திருப்பாமல், ஓடாமல், தானாக இறங்கியது. கிளினிக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், என் பயம் குடியிருக்கும் இடத்துக்கே அவர் எப்படி வந்திருக்க முடியும்? செகண்ட் ஷிப்ட் வாரம் என்றால் செஷன் காலை பத்து மணி, ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் இரவு ஏழரை. ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

சந்தாபுரா இரண்டு வாரம் பிடித்தது. பொம்மசந்திராவில் ஒருமுறை பாதியில் திரும்பிவிட்டேன். குற்றவாளி மாதிரி சொன்னேன். "எந்த மொழியில திட்டிக்கிட்டீங்க?" என்றுதான் கேட்டார். மேம்பாலத்தை முதலில் தனியாக, ஞாயிறு காலையில் தாண்டினேன். கை நடுங்கியது, தாண்டிவிட்டேன்.

போன மாதம் மாமனார் வீட்டில் ஒரு விசேஷம். மூன்று பேரும் காரில் கிளம்பினோம். மகள் பள்ளிக்கூட ஆண்டு விழா கதையை விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நான் கேட்டேன், "பாலம் எப்ப வரும்?"

மனைவி என்னையே பார்த்தாள். "பாலத்தை விட்டு இறங்கித்தானே நிக்கறோம்!"

அந்த வாரச் செஷனில் இதைச் சொன்னபோது மேடம் சிரித்த சிரிப்பில் ஹெட்செட் கழன்று விழுந்தது. அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.