ஐந்து விரல், ஒரே எழுத்து

சைகை மொழியைப் பேச்சாக மாற்றும் கையுறை என்று அடிக்கடி செய்தி வருகிறது. இந்த முறை பொருளே கைக்கு வந்தது. ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காகச் செய்தது. கடையில் கிடைக்காது. ஆனால் ரிச்சி தெருவில் உதிரிபாகம் வாங்கி இதே சர்க்யூட்டைப் போடுபவர்கள் ஏராளம், அதனால் அலசிப் பார்க்கலாம்.

சாதாரணத் துணிக் கையுறைதான். ஒவ்வொரு விரலின் முதுகிலும் ஒரு ஃப்ளெக்ஸ் சென்சார். விரல் மடங்க மடங்க அதன் மின்தடை கூடும். கை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை மணிக்கட்டில் உள்ள எம்பியூ-6050 சொல்லும். இஎஸ்பி-32 போர்டு எல்லாவற்றையும் ப்ளூடூத்தில் போனுக்கு அனுப்ப, போன் பேசும். ஆன் செய்ததும் கையை ஒருமுறை விரித்து, ஒருமுறை இறுக மூடிக் காட்டியாக வேண்டும். ஆளுக்கு ஆள் விரல் நீளம் வேறு அல்லவா? கழற்றி மாட்டினால் மறுபடியும் இதே சடங்கு.

பதிந்து வைத்த வாக்கியங்களில் குறையே இல்லை. கட்டைவிரலை நீட்டினால் ‘தண்ணீர் வேண்டும்’, சுண்டுவிரலை நீட்டினால் ‘வலிக்கிறது’. கை ஓய்வதற்குள் குரல் வந்துவிடுகிறது.

எழுத்துக்கு வந்ததும் சறுக்கல். மாணவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்க சைகை மொழியின் ஒற்றைக்கை அகரவரிசை. அதில் ‘யூ’வுக்கும் ‘வி’க்கும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீள்கின்றன, ஒன்றில் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் விரிந்திருக்கும். விரல் மடங்குவதை மட்டும் அளக்கும் சென்சாருக்கு இரண்டும் ஒன்றே.

சரி, இந்திய சைகை மொழி? இங்கே எழுத்துகளுக்குப் பெரும்பாலும் இரண்டு கையும் வேண்டும். ஆங்கில உயிரெழுத்துகளைக் காட்ட, விரித்த இடது கையின் விரல்நுனிகளை வலது ஆள்காட்டி விரலால் தொடுவார்கள். கட்டைவிரல் ‘ஏ’, அடுத்தடுத்து ‘ஈ’, ‘ஐ’, ‘ஓ’, சுண்டுவிரல் ‘யூ’. இரண்டு கையிலும் கையுறை மாட்டினாலும் எந்த நுனியைத் தொட்டோம் என்று அதற்குத் தெரியாது, தொடுகையை உணர அதில் எதுவுமே இல்லை. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதி வெளியிட்டது. கையுறை இன்னும் ஐந்து உயிரெழுத்தைத் தாண்டவில்லை.

அச்சகத்தில் வேலை பார்க்கும் காதுகேளாத நண்பரிடம் கொடுத்தேன். ‘வந்துவிட்டாயா?’ என்று கேட்டார். ‘வந்துவிட்டாய்’ என்றது போன். கேள்வி அவருடைய புருவத்தில் இருந்தது. பிறகு என்னைக் காட்டி, உனக்கு எது என்று கேட்டார். நியாயம்தான். அவர் சொல்வதை நான் கேட்கலாம், என் பதில் அவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதற்குக் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் 2019-லிருந்தே இருக்கிறது, கையில் எதையும் மாட்டாமல்.

பெரிய இடங்களிலும் கதை இதுவே. 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் ‘சைன்அலவுட்’ கையுறைக்கு 10,000 டாலர் லெமல்சன்-எம்ஐடி பரிசு வாங்கினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் சைகை மொழி கற்பிப்பவர்களே அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். 2020-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் குழு 98.63% வரை துல்லியம் காட்டியது. முகபாவம் பிடிக்க முகத்திலும் சென்சார் ஒட்டிப் பார்த்தது. காய்கறிக்காரரிடம் அப்படி யார் போய் நிற்பார்கள்? கேட்கிறவர் நாலு சைகை கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க, கேளாதவர் மின்கம்பி சுமக்க வேண்டும் என்பது எனக்கு ஒப்பவில்லை.

வன்பொருளில் இரண்டு குறை. சென்னை வெயிலில் சற்று நேரத்திலேயே உள்ளே நசநசக்கிறது, துவைக்கவும் வழியில்லை. சென்சாரின் அடிப்பகுதி, வயர் சேரும் இடம், முறியக்கூடியது. ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பக்கவாதத்தால் பேச்சிழந்து, கை மட்டும் ஓரளவு அசையும் நோயாளிக்கு இதைத் தயங்காமல் கொடுப்பேன். அவருக்குத் தேவை மொழிபெயர்ப்பல்ல, நர்ஸைக் கூப்பிட ஏழெட்டு வாக்கியங்கள். மூன்று சென்சார் போதும், செலவும் இறங்கும். ப்ராஜெக்ட் தலைப்பிலிருந்து ‘சைகை மொழி’யை எடுத்துவிடுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னேன். “வைவா முடியட்டும் சார், இப்ப டைட்டிலை மாத்தினா கைடு ஒத்துக்கமாட்டார்” என்றார்கள்.