மூணு பஸ் தூரத்தில் ரோமாபுரி

பனமலைக்குப் போயிருக்கிறீர்களா? செஞ்சிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ராஜா கோட்டை ஏறி, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். விழுப்புரம் பக்கமாக இறங்கி உள்ளே போனால் ஒரு பெரிய ஏரி, அதன் கரையில் ஒரு குன்று, குன்றின் மேல் தாளகிரீஸ்வரர் கோயில். தாலம் என்றால் வடமொழியில் பனை. பனைமலைக்காரர் என்பதைத்தான் அப்படிச் சமஸ்கிருதத்தில் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது.

அங்கே ஒரு சின்னச் சன்னதிக்குள், சுவரில் பார்வதி நிற்கிறாள். ஒரு காலை மடக்கி, தலையில் மகுடம், மேலே குடை. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆடிய சிவன் அநேகமாக அழிந்தே போய்விட்டார். பார்க்கிறவள் மட்டும் ஆயிரத்து முந்நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள்.

அவளைப் பார்த்துவிட்டு இறங்கும்போதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். படிக்கட்டு நிழலில் உட்கார்ந்து, கையில் கைடு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தான். "பெட்ரீஷியன்கள் என்போர் நிலவுடைமைப் பிரபுக்கள். பிளீபியன்கள் என்போர் சாமானிய மக்கள்..."

"என்ன தம்பி படிக்கிற?"

"ரோம் சார். நாளைக்கு டெஸ்ட்."

"ரோம் எங்கப்பா இருக்கு?"

"இத்தாலில."

"அவங்க நம்ம பக்கம்லாம் வந்ததே இல்லையா?"

பையன் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். "அது வேற பாடம் சார். அது போன மாசமே முடிஞ்சிருச்சு."

அது வேற பாடம். இந்த வாரம் நான் சொல்ல வந்தது இந்த மூணு வார்த்தையைப் பற்றித்தான்.

பையன் பேரில் தப்பே இல்லை. 2018-ல் மாற்றி எழுதின நம் ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பழைய புத்தகங்களோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை என்று முதலில் சொல்லிவிடவேண்டும். தமிழரின் பழைய சமூகத்தைப் பற்றி ஒரு பாடம். அதிலே அரிக்கமேடு உண்டு, முசிறி உண்டு. 'செவ்வியல் உலகம்' என்று இன்னொரு பாடம். அதிலே கிரேக்கமும் ரோமும் உண்டு. எழுதினவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பறைக்குள் போகும்போது என்ன ஆகிறது? ஒரு பாடம் ஒரு மாதத்தில் முடிகிறது. இன்னொன்று இன்னொரு மாதத்தில் தொடங்குகிறது. நடுவே ஒரு டெஸ்ட். ஒரே அட்டைக்குள் இருக்கிற இரண்டு ரோமானியர்களும் ஒருவரை ஒருவர் சந்திப்பதே இல்லை. ஒருத்தர் இத்தாலியில் செனட் நடத்துகிறார். இன்னொருத்தர் 'யவனர்' என்ற பெயரில் நம் கடற்கரையில் வந்து இறங்குகிறார். அவர்தான் இவர், குறைந்தபட்சம் இவருடைய ஆட்சிக்குக் கீழே இருந்து கப்பலேறியவர் என்று பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

நான் படித்த பள்ளியிலும் இதே கதைதான். சரித்திர வாத்தியார் கரும்பலகையில் 'ரோமானியரின் பங்களிப்புகள்' என்று எழுதி, கீழே சட்டம், சாலை, கட்டடக்கலை, நாட்காட்டி என்று போட்டார். எழுதிக்கொண்டோம். நாலு மார்க் வாங்கினோம். வீட்டுச் சுவரில் தொங்கின தினசரி காலண்டரில் ஜூலையும் ஆகஸ்டும் ஆடியோடும் ஆவணியோடும் ஒரே தாளில் குடித்தனம் நடத்துவதை அன்றைக்கு யாரும் காட்டவில்லை. ஜூலியஸ் சீசரின் பேர் ஜூலை, அகஸ்டஸின் பேர் ஆகஸ்ட். தினம் காலையில் ரோமாபுரியைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தோம், தெரியாமலேயே!

இந்த அகஸ்டஸைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவார்.

பனமலைச் சுவரில் இருக்கிற பார்வதியை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ழூவோ துப்ரேய் என்கிற பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் கல்லூரி ஆசிரியர். பல்லவர் பைத்தியம் பிடித்தவர் என்றே சொல்லலாம். மாமண்டூர், பனமலை, காஞ்சி கைலாசநாதர் என்று ஊர் ஊராக அலைந்து சுவர்களில் மிச்சமிருந்த வண்ணத்தைத் தேடினவர். அதே மனிதர் 1937-ல் அரிக்கமேட்டுக்கும் போனார். பாண்டிச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிற மேடு. அங்கே அவருக்குப் பழைய மணிகளும் கற்களும் எப்படிக் கிடைத்தன தெரியுமா? தரையில் கிடந்ததில் கொஞ்சம் பொறுக்கினார். மிச்சத்தை அந்த ஊர்ச் சிறுவர்களிடம் காசு கொடுத்து வாங்கினார்.

மழை பெய்து மண் கரைந்தால் மேட்டில் மணிகள் தலைகாட்டும். பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்தார்கள். அப்படிச் சேர்ந்த பொருள்களில் மனிதத் தலை செதுக்கிய ஒரு கல்லும் இருந்தது. அது அகஸ்டஸின் முகம் என்று துப்ரேய் முடிவுக்கு வந்தார். காலண்டரில் பார்த்தோமே, அதே அகஸ்டஸ்.

யோசித்துப் பாருங்கள். ரோமானியரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று நாம் கவலைப்படுகிறோம். 1937-ல் நம் பிள்ளைகள்தான் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு ரோமானியரின் தடயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியரின் பேர் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் பேர் எங்கேயும் இல்லை.

அப்புறம் மார்டிமர் வீலர் வந்தார், 1945-ல். முந்தின வருஷம் சென்னை மியூசியத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்த ஒரு ஜாடித் துண்டைப் பார்த்து, 'இது மத்தியதரைக் கடல் சரக்கல்லவா!' என்று நிமிர்ந்து உட்கார்ந்தவர். தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புத் தட்டுகளின் உடைசல்கள் கிடைத்தன. அர்ரெட்டைன் என்று பேர். அர்ரெட்சோ என்கிற ஊரை வைத்து வந்த பேர். நம்ம ஊரில் 'கும்பகோணம் பாத்திரம்' என்கிற மாதிரி.

அந்த உடைசலில் என்ன விசேஷம்? அந்தத் தட்டுகள் எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்று இத்தாலியில் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். ஆக, அரிக்கமேட்டில் எந்த மண்ணடுக்கில் அந்தத் தட்டு கிடக்கிறதோ, அதே அடுக்கில் பக்கத்தில் கிடக்கும் நம்மூர்ப் பானைக்கும் வயசு சொல்லிவிடலாம். அதே மாதிரிப் பானை கர்நாடகத்தில் பிரம்மகிரியில் கிடைத்தால் அதற்கும் சொல்லலாம். அதுவரை தென்னிந்தியப் பானைகளுக்கு வயசு தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைதவறிப் போட்டு உடைத்த ஒரு சாப்பாட்டுத் தட்டு, தென்னிந்தியாவுக்கே பர்த் சர்ட்டிபிகேட் ஆனது.

இதை ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். பத்தே நிமிஷம். துப்பறியும் கதை மாதிரிக் கேட்பான். கேட்டுவிட்டு, 'அந்தத் தட்டு எப்படி சார் இங்க வந்துச்சு?' என்பான். அங்கே ஆரம்பிக்கவேண்டும் ரோமானியர் பாடம். பருவக்காற்று வரும், மிளகு வரும், செனட்டும் சீசரும் தானாகப் பின்னால் வருவார்கள்.

மிளகு என்றதும் பிளினி ஞாபகம் வருகிறது. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர். எரிமலை வெடித்து 79-ல் இறந்துபோனவர். வருஷத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பினார். காரத்தைத் தவிர மிளகில் என்ன இருக்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். யவனர் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய செய்தி அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் இருக்கிறது. இந்தக் கரையில் ஒரு கவிஞர் பெருமைப்பட்டதை அந்தக் கரையில் ஒரு கணக்குப்பிள்ளை வயிறெரிந்து எழுதியிருக்கிறார். இரண்டையும் ஒரே பீரியடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒருத்தர் வரவு இன்னொருத்தர் செலவு என்று பிள்ளைகளே சொல்லிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மனப்பாடத்துக்கு மாற்று என்று நாம் அடிக்கடி பிடித்துக்கொள்வது வெட்டிப் பெருமை. 'ரோமானியனே நம்ம வாசலில் வந்து நின்றான் தெரியுமா!' என்று மைக் பிடிப்பது. அல்லது அதற்கு நேர் எதிராக, அரிக்கமேடே ரோமானியர் கட்டின ஊர் என்று கைகட்டி நிற்பது. இரண்டும் பிள்ளைகளுக்குக் கெடுதல். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மறுபடி அகழ்ந்தார். இத்தாலியத் தட்டுகள் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, மக்கள் வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. மணி கோத்தவர்களும் கண்ணாடி உருக்கியவர்களும் இந்த ஊர்க்காரர்கள். வீலர் தேதி போட்டதையும் திருத்தவேண்டி வந்தது. பெரிய மனுஷர் சொன்னதையும் இன்னொருவர் மண்ணைத் தோண்டித் திருத்தலாம் என்பதைவிடப் பெரிய சரித்திரப் பாடம் ஏது?

அரிக்கமேட்டுக்கு டூர் கூட்டிப்போகும் பள்ளிகளும் உண்டு. போய், அங்கே நிற்கிற செங்கல் சுவர் முன்னால் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர் ரோமானியருடையது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது! ரோமானியர் காலத்துச் சமாசாரமெல்லாம் காலுக்குக் கீழே, தென்னந்தோப்பின் மண்ணுக்குள். கண்ணுக்குத் தெரிகிறது பழசு, ஆனால் நாம் தேடி வந்த பழசு அது இல்லை என்பதை ஒரு டீச்சர் சொல்லிவிட்டால் அந்த டூர் காசு செல்லும்.

கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுக்கலாம். 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் ராஜாவின் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள்? தங்கம் அசலா என்று பார்க்கவா? இனிமேல் இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்டவா? படித்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கைடில் விடை இல்லாத கேள்வி. நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நாற்பது பதில் வரட்டுமே!

'இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? போர்ஷன் முடிக்கவேண்டாமா?' என்று ஆசிரியர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். அவர்கள் தலையில் தேர்தல் வேலை முதல் கணக்கெடுப்பு வரை எல்லாவற்றையும் நாம்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். அதனால் என் குறையை அவர்களைவிட, கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடம்தான் முதலில் சொல்வேன். 'பெட்ரீஷியன் என்போர் யாவர்?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். 'அரிக்கமேட்டில் இத்தாலியத் தட்டு கிடைத்ததிலிருந்து என்னென்ன முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக்கூடாது?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அடுத்த வருஷமே வகுப்பறை மாறும். கைடும் மாறும், அது வேறு விஷயம்.

பனமலைப் படிக்கட்டில் அந்தப் பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓடியிருப்பான். ஒன்றே ஒன்று சொன்னேன். எகிப்தில் செங்கடல் கரையில் குஸேர் அல் காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். ரோமானியர் கப்பல் விட்ட ஊர். அங்கே ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் எழுத்து. ஐராவதம் மகாதேவன் 2007-ல் படித்துச் சொன்னார்: 'பானை ஒறி'. அதாவது பானையைத் தொங்கவிடும் உறி.

பையன் கைடை மூடினான். "உறியா? எங்க ஆயா ஊட்ல இருக்கு சார். தயிர்ப் பானை வெப்பாங்க. பூனைக்கு எட்டாது."

"அதேதான்."

"எகிப்துல போயி யாரு சார் தமிழ்ல எழுதினது? வியாபாரியா, கப்பல்ல வேல செஞ்சவரா?"

"அது யாருக்குமே இன்னும் தெரியாதுப்பா."

கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இது டெஸ்ட்ல வருமா சார்?" என்றான்.

"வராது."

வராது என்று தெரிந்தும் பேனாவைத் திறந்து, ரோம் பாடத்தின் ஓரத்தில், பிளீபியன்களுக்குப் பக்கத்தில், 'உறி' என்று எழுதிக்கொண்டான்.