மெய்ப்பாடும் விளம்பர வாசகமும்: சிறு கலைத்தொழில் விளம்பரங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்சிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையிலும் நடந்து செல்வோர் கைகளில் சிறு தொழில் செய்வோரின் துண்டறிக்கைகள் வந்து சேர்வதுண்டு. மாலை தொடுப்போர், வண்ண அரிசியால் கோலமிடுவோர், மணமேடை அலங்கரிப்போர், மருதாணி இடுவோர், கையால் வாழ்த்தட்டை செய்வோர் எனப் பலரும் தம் கலையையே தொழிலாகக் கொண்டவர்கள். இன்று அவர்தம் அறிவிப்புகள் தாளில் மட்டுமன்றிக் கைப்பேசித் திரையிலும் வருகின்றன. இவற்றைப் படித்துவிட்டு எறிந்துவிடுகிறோம். இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பனுவல்களாக அவற்றை நம் துறை கருதியதில்லை.

அவை திறனாய்வுக்கு உரியன என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழில் எழுதப்பட்டு, தமிழ் வாசகரின் உள்ளத்தை அசைக்க முயலும் எந்த உரைப்பகுதியும் உணர்ச்சி எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவிற்கு விடை கூற வேண்டியதாகிறது. அவ்வினாவிற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் அதன் உரைகளும் அளிக்கும் விடையைக் கொண்டு இவ்விளம்பரங்களை ஈண்டு நோக்க முற்படுகிறோம். எடுத்துக்காட்டாக வரும் துண்டறிக்கை வாசகங்கள் யாவும் இவ்வகை விளம்பரங்களின் பொதுப்போக்கை விளக்க நாமே அமைத்தவை. எந்தக் கடையையும் அவை குறிப்பன அல்ல.

உணர்ச்சி பிறக்கும் நான்கு படிகள்

பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றிற்கும் நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. இது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. ஆயின் விளம்பரத்தை ஆராய்வார்க்கு அதனினும் பயன்படுவது, அவ்வியலின் தொடக்கத்திற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கமாகும். சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறி நுகரும் உணர்வு, அதனால் உள்ளத்தில் நிகழும் குறிப்பு, அக்குறிப்பு உடம்பில் வெளிப்படும் விறல் என உணர்ச்சி நான்கு படிகளில் நிகழ்வதாக அவர்கள் கொள்வர். வேம்பு என்னும் பொருள் முதலில் இருக்க வேண்டும். அது நாவில் பட வேண்டும். அதன்பின்னரே வெறுப்பு உள்ளத்தில் தோன்றும். முகம் சுளிப்பது அனைத்திற்கும் இறுதியில் நிகழ்வது.

இவ்வரிசையை மனத்திற்கொண்டு கீழ்வரும் வாசகத்தைக் காண்போம்:

"அம்மாவின் அன்பை நினைத்துக் கண் கலங்குகிறீர்களா? உங்கள் உணர்வுகளுக்கு உயிர் கொடுக்கிறோம். உள்ளம் உருகும் மாலைகள். தரமான சேவை, நியாயமான விலை."

கண் கலங்குதல், உள்ளம் உருகுதல் ஆகியன விறலும் குறிப்பும் ஆகும். அவற்றைப் பிறப்பிக்க வேண்டிய பொருள் எங்கே? மாலை என்ற ஒரு சொல் மட்டுமே உள்ளது. அது எந்தப் பூவால் ஆனது, யார் தொடுத்தது, கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்பனவற்றுள் ஒன்றும் இல்லை. முதற்படியையும் இரண்டாம் படியையும் விட்டுவிட்டு நான்காம் படியில் ஏறி நிற்க முயல்கிறது இவ்வாசகம். முகத்தைச் சுளிக்குமாறு கட்டளையிட்டுவிட்டு வேம்பைக் கொடுக்க மறந்ததற்கு இது ஒப்பாகும். சிறுதொழில் விளம்பரங்களுள் பெரும்பாலானவை உணர்ச்சியற்றுப் போவதற்குக் காரணம் உணர்ச்சிச் சொற்கள் குறைந்தமை அன்று. அச்சொற்கள் மிகுந்து பொருள் குறைந்தமையே என்பது நம் கருத்து.

இக்குறைக்கு மொழிவழக்கும் துணைபோகிறது. இங்குப் பல அறிவிப்புகள் முதலில் ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதப்பெற்றுப் பின்னர்த் தமிழுக்குப் பெயர்க்கப்படுகின்றன. 'மறக்க முடியாத அனுபவம்', 'உங்கள் கனவுகளை நனவாக்குகிறோம்' போன்ற தொடர்கள் எம்மொழியிலும் எப்பொருளுக்கும் பொருந்துவன. மகிழுந்துக்கும் பொருந்தும், மருதாணிக்கும் பொருந்தும். எதற்கும் பொருந்தும் தொடர் எதனையும் காட்டுவதில்லை.

யாஸ்மின் அகமதுவின் இரு படங்கள்

உணர்ச்சி விளம்பரம் என்றதும் மலேசியர் நினைவிற்கு முதலில் வரும் பெயர் யாஸ்மின் அகமது. 'செப்பேட்', 'முக்சின்', 'டேலன்டைம்' ஆகிய திரைப்படங்களை இயக்கிய அவர், லியோ பர்னட் கோலாலம்பூர் விளம்பர நிறுவனத்தின் படைப்புத் துறைத் தலைமையில் இருந்து பெட்ரோனாஸ் நிறுவனத்திற்காகப் பெருநாள் விளம்பரங்கள் பலவற்றை உருவாக்கியவர். 2009ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மறைந்தார். அவருடைய இரு குறும்படங்களை மெய்ப்பாட்டு நோக்கில் காணலாம்.

2007ஆம் ஆண்டு பெட்ரோனாஸ் சுதந்திர தின விளம்பரமாகிய 'டான் ஹோங் மிங் இன் லவ்' பள்ளிச் சிறாருடன் நடக்கும் ஓர் உரையாடலே. சீனச் சிறுவன் ஒருவன் தன் வகுப்பு மலாய்ச் சிறுமியைத் தான் விரும்புவதைக் கூச்சத்துடன் சொல்கிறான். பின்னர் அச்சிறுமியிடமும் வினவப்படுகிறது. அவள் அவன் பெயரையே கூறும்போது அவன் முகத்தில் தோன்றும் வியப்பே படத்தின் உச்சம். நகையின் நிலைக்களன்களுள் இளமையும் மடனும் தொல்காப்பியரால் கூறப்பட்டவை. அவை இரண்டும் இங்கு ஒருசேர நிற்கின்றன. இன ஒற்றுமை என்னும் பெருங்கருத்து இறுதியில் எழுத்தில் வருகிறது. எனினும் அதற்கு முன்பே ஒரு சிறுவனின் முகம் அதனைச் சொல்லி முடித்துவிடுகிறது.

2009இல் சிங்கப்பூரின் அன்றைய சமுதாய வளர்ச்சி, இளையர், விளையாட்டு அமைச்சுக்காக அவர் எடுத்த படம் ஓர் இறுதிச் சடங்கில் நிகழ்கிறது. கணவனை இழந்த மனைவி பேச எழுகிறார். அவனுடைய பெருமைகளைக் கூறாமல், அவன் இரவில் விட்ட குறட்டையை ஒலித்துக் காட்டுகிறார். கூடியிருந்தோர் சிரிக்கின்றனர். நோயுற்ற இறுதி நாள்களில் அவ்வொலியே அவன் உயிரோடிருப்பதைத் தமக்கு உணர்த்தியது என்று அவர் கூறும்போது சிரிப்பு அடங்குகிறது. குறட்டை என்னும் ஒரே பொருள் முதலில் நகைக்கும் பின்னர் அழுகைக்கும் களனாகிறது. இழவு என்னும் நிலைக்களனை அன்பு, பிரிவு, துயரம் என்னும் சொற்களால் அன்றி, செவிக்குப் புலனாகும் ஓர் ஒலியால் நிறுவியதே அப்படத்தின் வெற்றி. நான்கு படிகளும் வரிசை பிறழாமல் அமைந்துள்ளமை நோக்கத்தக்கது.

ஆயினும் சிறுதொழிலார்க்கு இவற்றை அப்படியே முன்மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. பெட்ரோனாஸ் நாட்டின் எண்ணெய் நிறுவனம். தன் விளம்பரத்தில் எண்ணெயைப் பற்றி ஒரு சொல்லும் கூறாதிருக்க அதனால் இயலும். பெயர் ஒன்றே போதும். அமைச்சுக்கோ விற்பதற்குப் பொருளே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை சில நூறு துண்டறிக்கை அச்சிடும் கோலக் கலைஞர் தம் கோலத்தைப் பற்றிப் பேசாமல் தாயன்பைப் பற்றிப் பேசினால், வாசகர் நினைவில் தாய் நிற்பார், கோலம் நிற்காது. யாஸ்மினிடமிருந்து சிறுதொழிலார் கொள்ளத்தக்கது கண்ணீர் அன்று. குறட்டையைத் தேர்ந்த கூர்மையே கொள்ளத்தக்கது.

சிறுமையில் பிறக்கும் மருட்கை

பெருநிறுவனத்திடம் இல்லாத ஒரு வளம் சிறு கலைத்தொழிலுக்கு உண்டு. செய்பவரும் செய்பொருளும் செய்முறையும் வாசகரின் கண்ணுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளனர். மருட்கையின் நிலைக்களன்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கனைத் தொல்காப்பியர் குறிக்கிறார். பெரியது வியப்பூட்டும் என்பதை யாவரும் அறிவர். மிகச் சிறியதும் வியப்பூட்டும் என்று அவர் கண்டதே சிறுதொழில் விளம்பரத்திற்குத் திறவுகோல். முன் காட்டிய மாலை விளம்பரத்தை இவ்வழியில் மாற்றி அமைத்துப் பார்க்கலாம்:

"மல்லிகை எங்களிடம் மொட்டாகவே வந்து சேர்கிறது. பொழுது சாய்ந்தால் விரியத் தொடங்கிவிடும். அதற்கு முன்பே தொடுத்து முடித்துவிடுகிறோம். மணமக்கள் கழுத்தில்தான் அது மலரும்."

இதில் அன்பு என்ற சொல்லோ உணர்வு என்ற சொல்லோ இல்லை. தமிழகத்திலிருந்து விமானத்தில் வரும் மல்லிகையைக் கையாளும் எந்த மாலைக் கடையிலும் நாள்தோறும் நிகழும் வேலையே கூறப்பட்டுள்ளது. எனினும் மொட்டுக்கும் மாலைப் பொழுதுக்கும் இடையே நடக்கும் ஓட்டம் வாசகருக்குத் தெரிகிறது, மணமும் தெரிகிறது. உவகையை அவரே அடைகிறார்.

கோலத்திற்கு வேறோர் எடுத்துக்காட்டு:

"சாயமேற்றி உலர்த்திய அரிசியை விரல் நுனியால் இடுகிறோம். பசை இல்லை. உங்கள் வாசலில் ஐந்து நாள் இருக்கும். ஆறாம் நாள் காலையில் நாங்களே வந்து கூட்டி எடுத்துச் செல்வோம்."

கூட்டி எடுத்தல் என்னும் செய்தியை வணிக நோக்கில் எழுதுவோர் மறைக்கவே விரும்புவர். ஆனால் இவ்வாசகத்தின் உயிர் அதில்தான் உள்ளது. நிலையாத ஒன்றை இத்துணை நுணுக்கமாகச் செய்கிறார்களே என்னும் வியப்போடு மெல்லிய இழவுணர்வும் கலந்து எழுகிறது. ஆண்டுதோறும் அதே இடத்தில் ஒட்டி எடுக்கும் நெகிழிக் கோலத்தால் இதனை ஒருபோதும் சொல்ல இயலாது. மலிவில் விஞ்ச முடியாத கைவினைஞர், உண்மையில் விஞ்சுவதற்கு உரிய இடம் இதுவே.

பெருமிதத்தையும் இங்கு எண்ண வேண்டும். கல்வியும் கொடையும் அதன் நிலைக்களன்களுள் அடங்குவன. யாரிடம் தொழில் கற்றோம், எத்தனை ஆண்டு கற்றோம் என்று ஒரு வரியில் கூறுவது தற்புகழ்ச்சி ஆகாது. 'முன்னணி', 'தலைசிறந்த' என்னும் அடைமொழிகளே தற்புகழ்ச்சி. மேலும், ஆற்றுப்படை இலக்கியத்தில் பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி காட்டுகிறான். வழியும் வரவேற்பும் உணவும் அங்குக் கண்டவை கண்டவாறு விரிகின்றன. வாடிக்கையாளர் ஒருவர் தாம் பெற்றதைத் தம் சொற்களிலேயே கூறுவதற்கு இடமளிக்கும் விளம்பரம், அறிந்தோ அறியாமலோ அந்நெறியில்தான் நிற்கிறது.

இரு மறுப்புகள்

மெய்ப்பாட்டியலைக் கடைவீதிக்கு இழுப்பது இலக்கணத்திற்கு இழுக்கு எனச் சிலர் கருதலாம். செய்யுளுக்கு உரியதை விளம்பரத்திற்கு உரியதாக்கவில்லை. இரண்டும் ஒரே தகுதியுடையன என்றும் கூறவில்லை. செய்யுளில் உணர்ச்சியே பயன். விளம்பரத்தில் அது வேறொரு பயனுக்கு வழி. ஆயினும் உணர்ச்சி பிறக்கும் முறை மாந்தர்க்கெல்லாம் ஒன்றே. அம்முறையை விளக்கும் கோட்பாடு தமிழில் இருக்க, அதனைத் தேர்வு வினாவாக மட்டும் வைத்திருப்பதே இழுக்கு.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. உணர்ச்சியைத் தூண்டி விற்பது ஏமாற்று அன்றோ என்பது அது. இவ்வினாவை எளிதாகக் கடந்துவிட இயலாது. யாஸ்மினின் படங்களைக் குறித்தும் இதே ஐயம் எழும்: பிள்ளைகளின் கள்ளமின்மை ஒரு பெருநிறுவனத்தின் நற்பெயருக்குப் பயன்படலாமா? இதற்கு நாம் தரும் விடை முழுமையானதன்று. ஆயினும் ஓர் அளவுகோலை முன்வைக்கலாம். வாசகத்தில் உள்ள பொருளைக் கடைக்குச் சென்று கண்ணால் காண இயலுமாயின், அங்கே பிறந்த உணர்ச்சி ஏமாற்று ஆகாது. நேற்றைய பூவைத் தொடுப்பவர் மேற்காட்டிய மல்லிகை வாசகத்தை அச்சிட்டால் அது பொய். தொழிற்சாலையில் வந்த அட்டையைக் கைவினை என்று எழுதினால் அதுவும் பொய். 'உள்ளம் உருகும் மாலைகள்' என்பதையோ மெய் என்றும் காட்ட முடியாது, பொய் என்றும் காட்ட முடியாது. பொய்யாகக்கூட இயலாத சொல்லே மொழிக்கு மிகுந்த கேடு செய்கிறது என்போம். முதற்படியில் நிற்கும் எழுத்து தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகிறது. அதன் நேர்மையும் ஆற்றலும் அந்த ஒரே இடத்திலிருந்து வருவன.

முடிவுரை

நம் வகுப்பறைகளில் மெய்ப்பாட்டியலைப் படித்த மாணவர் பலர் பின்னாளில் உறவினர் கடைக்கோ நண்பர் தொழிலுக்கோ நான்கு வரி எழுதித் தர வேண்டிய நிலையை அடைகின்றனர். அப்போது அவர்கள் நாடுவது தாம் படித்த தமிழை அன்று. ஆங்கில விளம்பரத்தின் நிழலையே. படித்ததற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள இப்பிளவிற்கு நாமும் பொறுப்பாளிகள் ஆவோம்.

இதனைச் சரிசெய்யப் புதிய பாடத்திட்டம் வேண்டுவதில்லை. மெய்ப்பாட்டியல் நடத்தும் வாரத்தில் மாணவரை ஒரு மாலைக் கடைக்கோ கோலமிடுவோரிடமோ அனுப்பி, கண்டவற்றுள் ஒரு பொருளை மட்டும் கொண்டு ஐந்து வரி எழுதச் செய்யலாம். உணர்ச்சிச் சொல் ஒன்றும் வரலாகாது என்பதே விதி. வகுப்பில் படித்துக் காட்டும்போது கேட்போர் முகம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். மாறினால் மெய்ப்பாடு விளங்கிவிட்டது என்று கொள்ளலாம். அந்த ஐந்து வரி கடைக்காரருக்கும் பயன்படும். நெகிழி மாலையும் ஒட்டுக் கோலமும் மலிந்துவரும் இக்காலத்தில், கையால் செய்பவர் தம் கையைப் பற்றித் தம் மொழியில் சொல்லத் தெரியாமல் தொழிலை இழப்பாராயின், அவ்விழப்பு தொழிலுக்கு மட்டும் உரியதன்று, தமிழுக்கும் உரியதே.